எமிஷன் டெஸ்டுக்கென்று விட்ட காரில் கற்றலிக்கைக் காணோம்

திருகோணமலையில் பெட்ரோல் கார் ஓடுகிறவர்கள், அதிலும் பழைய ப்ரியஸ் மாதிரி ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் பற்றரி மோட்டரும் சேர்ந்த கார்) வைத்திருக்கிறவர்கள், இதை வாசித்துவிட்டுக் காரைக் கராஜில் விடுங்கள்.

காரின் வருட லைசன்ஸ் முடிகிற நேரம் என் ப்ரியஸைப் புகை டெஸ்டுக்குக் கொண்டுபோனேன். புகைச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் லைசன்ஸ் தரமாட்டார்கள். கார்பன் மொனொக்சைட் கூட என்று பெயிலாக்கிவிட்டார்கள். வழமையாகப் பார்க்கிற மெக்கானிக் பாஸ் ஊரில் இல்லை. டவுனுக்குள் "எமிஷன் வேலை செய்து தரப்படும்" என்று போர்ட் போட்ட கராஜ் ஒன்றில் காட்டினேன். பொனட்டைக்கூடத் திறந்து பார்க்காமல், புகைக் குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கிற டப்பாவான கற்றலிக் கன்வேட்டர் மேல் பழியைப் போட்டார்கள்.

"அண்ணை, உங்கட கற்றலிக் அடைச்சுப்போச்சு. கழுவிப் பூட்டினால் சரி. விட்டுட்டுப் போங்கோ, டெஸ்டுக்கும் நாங்களே கொண்டுபோறம்."

அடுத்த நாள் பின்னேரம் காரும் வந்தது, சான்றிதழும் வந்தது. பில்லில் "எமிஷன் வேலை" என்று ஒரே வரி.

நிலாவெளி வீதியில் எடுத்தவுடனேயே சத்தம் வேறு மாதிரி. சந்தியில் நின்றால் பெட்ரோல் நாற்றம் உள்ளே அடிக்கிறது, கண் எரிகிறது. டாஷ்போர்டிலோ ஒரு லைட்டும் இல்லை, அதனால் சைலன்சரில் எங்கேயோ ஓட்டை என்றுதான் நினைத்தேன். எங்கள் பாஸ் ஊருக்கு வந்ததும் உப்புவெளியில் அவரிடம் கொடுத்தேன். ஜாக்கியில் ஏற்றினார். கற்றலிக்கின் இரண்டு பக்கமும் புது வெல்டிங். ஸ்பானரால் தட்டினார், வெறும் டப்பாச் சத்தம்.

அந்த டப்பாவுக்குள் தேன்கூடு மாதிரி ஒரு செராமிக் கட்டி இருக்கவேண்டும். அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் மூன்றும் மெல்லிசாகப் பூசியிருக்கும். நச்சுப் புகையை மாற்றுவது அந்தப் பூச்சுத்தான், களவு போவதும் அதற்காகத்தான். பழைய கற்றலிக்கை வாங்க ஆள் இருக்கிறது, நல்ல விலையும் போகிறது. ஹைபிரிட்டில் எஞ்சின் இடையிடையே நிற்பதால் பூச்சுக் குறைவாகத் தேய்கிறது. அதனால்தான் ப்ரியஸ் என்றால் இவர்களுக்கு இவ்வளவு ஆசை.

லைட் ஏன் எரியவில்லை என்ற கேள்விக்கும் பாஸ் கீழேயே விடை காட்டினார். கற்றலிக்குக்குப் பின்னால், வெளிவரும் புகையைப் பார்த்துக் காரின் கணினிக்குச் சொல்லுகிற ஒட்சிசன் சென்சரை நேராகப் பூட்டாமல், இடையில் ஒரு சின்னக் குழாய்த் துண்டு வைத்துத் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். சென்சருக்குப் புகை சரியாகப் படாது, எல்லாம் ஒழுங்கு என்று கணினி நம்பிக்கொள்ளும். துண்டை எடுத்துவிட்டு ஓடிப் பார்த்தோம். கொஞ்சத்தில் செக் எஞ்சின் லைட் வந்தது. ஸ்கேனரில் பி 0420, கற்றலிக் வேலை செய்யவில்லை என்கிற கோட். இந்தளவுக்கு மினக்கெட்டவன் அவசரத்தில் செய்யவில்லை, இதைத் தொழிலாகவே செய்கிறான்.

கராஜுக்குப் போய்க் கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்கள்: "உங்கட கற்றலிக் செத்தது அண்ணை. டெஸ்டுக்கு எங்கட நல்லதைப் பூட்டிப் பாஸ் பண்ணினம், பிறகு எங்கட சாமானைக் கழட்டினம். எல்லா இடத்திலயும் இப்பிடித்தான்."

"அப்ப என்ர எங்க?"

"அது குப்பைக்குப் போயிற்று."

கற்றலிக்கைக் குப்பையில் போடுகிற கராஜை நான் இன்னும் கேள்விப்படவில்லை. டெஸ்டில் அளக்கிற குழாயைப் பின்பக்கப் புகைபோக்கிக்குள்தான் விடுகிறார்கள், கீழே குனிந்து பார்ப்பதில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் நல்லது இருந்தால் போதும். அடுத்த வருஷம் நான் கட்டாயம் பெயில்.

இதில் வயிற்றெரிச்சல், என் கற்றலிக் உண்மையில் பழுதா என்பதையே இனிச் சோதிக்க முடியாது. கற்றலிக் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். டெஸ்டுக்கு வரிசையில் நிற்கும்போது ஹைபிரிட் எஞ்சின் நின்றுபோகும், கற்றலிக் ஆறிவிடும். அப்படி ஆறின காரைச் சோதித்தால் கணக்குக் கூடத்தான் காட்டும். காரைக் கொஞ்சத் தூரம் நன்றாக ஓடிவிட்டு, ஹைபிரிட் என்றால் எஞ்சின் நிற்காத இன்ஸ்பெக்ஷன் மோடில் போட்டுத் திரும்பச் சோதிக்கச் சொல்லுங்கள் என்கிறார் பாஸ். எயார் பில்டர், பிளக், முன் ஒட்சிசன் சென்சர் இவற்றைப் பார்க்காமல் கற்றலிக்கில் கை வைக்க யாரையும் விடவேண்டாம். கழற்றத்தான் வேண்டுமென்றால் நீங்கள் நிற்கும்போது கழற்றட்டும். முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள், டப்பாவில் பொறித்த இலக்கமும் தெரியவேண்டும். மாற்றினால் பழையதை உங்கள் கையில் வாங்குங்கள். "பின்னேரம் வாங்கோ" என்றால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கும் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லியாயிற்று. விசாரணை நடக்கிறபடியால் கராஜின் பெயரை இங்கே போடவில்லை. டவுன் பக்கம் வேலை செய்வித்த பிறகு காரின் சத்தம் மாறினவர்கள் யாரும் இருந்தால், கீழே ஒருதரம் தட்டிப் பாருங்கள். வெறும் டப்பா என்றால் பில்லை எறியாமல் எனக்கு எழுதுங்கள், முறைப்பாட்டில் உங்கள் காரையும் சேர்க்கலாம்.