டேட்டாவை அணைப்பதா, செயலியை உறங்க வைப்பதா?

எங்கள் பக்கத்தில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். போனைக் கீழே வைக்கும்போதெல்லாம் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுபவர்கள் ஒரு கட்சி. டேட்டாவை இரவு பகலாக ஓடவிட்டு, வேண்டாத செயலிகளை மட்டும் பின்னணியில் ஓடாதபடி உறங்க வைப்பவர்கள் இன்னொரு கட்சி. கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்யும் நான் இரண்டாவது கட்சி. ஆற்றுக்கு அக்கரையில், அம்பாசமுத்திரத்தில் வயலும் வாழையுமாக இருக்கும் என் அத்தான் முதல் கட்சி. ஆகவே நடுநிலையை என்னிடம் ரொம்பவும் எதிர்பார்க்க வேண்டாம்.

அத்தானின் வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். “வேண்டியவன் போன் போட்டுப் பேசுவான் மாப்பிள்ளை. வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் காலை வணக்கம்தானே?” முழுக்கத் தள்ளிவிட முடியாத பேச்சு. டேட்டா அணைந்திருந்தாலும் சாதாரண அழைப்பு வரும், எஸ்எம்எஸ் வரும், வங்கியின் ஓடிபி வரும். கடையில் பணம் வந்ததைக் கூவும் ஒலிபெருக்கிக்கு அதற்கென்றே சிம் இருப்பதால் அதுவும் நிற்காது. வந்து சேராத வாட்ஸ்அப் செய்தி தொலைந்துபோவதும் இல்லை. 30 நாள் வரை சர்வரில் காத்திருக்கும். எம்பி கணக்குப் பார்த்து ரீசார்ஜ் செய்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, தினமும் இத்தனை ஜிபி என்று ஆன பிறகும் பலருடைய விரல் அதை விடவில்லை.

இதற்குக் கொடுக்கும் விலை விடிந்ததும் தெரியும். அத்தான் டேட்டாவைப் போட்டவுடன் போன் திண்ணையில் அதிர்ந்து அதிர்ந்து நகரும். கொடை விழா அழைப்பிதழ், பூப்படங்கள், யாரோ ஒருவரின் மருத்துவக் குறிப்பு, இவற்றுக்கு நடுவே முந்தின இரவு வாழைத்தார் எத்தனை தேறும் என்று கேட்டிருந்த வியாபாரியின் குரல் செய்தி. அந்த வியாபாரி அதற்குள் சேரன்மகாதேவியில் வேறு தோட்டத்தைப் பேசி முடித்திருப்பார். சிங்கப்பூரில் இருக்கும் மருமகன் வாட்ஸ்அப்பில் அழைத்தால் அவன் திரையில் ‘காலிங்’ என்றே நிற்கும், ‘ரிங்கிங்’ என்று மாறாது. இங்கே போனுக்குச் சத்தமே இருக்காது.

சரி, பேட்டரியாவது மிச்சமாகிறதா? அத்தானோடு எனக்குள்ள வழக்கே இதில்தான். டேட்டாவை அணைத்தால் போனுக்குள் இருக்கும் ரேடியோ அணைவதில்லை. அது டவரோடு தொடர்பில்தான் இருக்கும். அப்படி இருப்பதால்தான் அழைப்பு வருகிறது. மிச்சமாவது, செயலிகள் பின்னணியில் இணையத்துக்குப் போய்வரும் செலவு மட்டும். அந்தச் செலவையும் ஆண்ட்ராய்டு பல வருடமாகத் தானே கட்டுப்படுத்தி வருகிறது. 2015இல் ஆண்ட்ராய்டு 6 உடன் ‘டோஸ்’ என்ற ஏற்பாடு வந்தது. சார்ஜரில் செருகாத போன், திரை அணைந்து, அசையாமல் கிடந்தால், செயலிகளுக்கு இணையத்தை நிறுத்திவிடும். கன்னடியன் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப்போல இடையிடையே சிறிது நேரம் மட்டும் திறந்துவிடும். போன் தொடாமல் கிடக்கக் கிடக்க இந்த இடைவெளி நீளும். அடுத்த ஆண்டே ஆண்ட்ராய்டு 7 இதன் இலகுவான வடிவத்தைச் சட்டைப் பையில் அசையும் போனுக்கும் கொடுத்தது.

அறிவிப்புகளும் செயலிக்கு ஒரு பாதை என்று தனித்தனியாக வருவதில்லை. பெரும்பாலானவை கூகுளின் ஒரே இணைப்பு வழியாகத்தான் வருகின்றன. அவசரம் என்று குறிக்கப்பட்ட செய்தி, உறங்கும் போனையும் எழுப்பிவிடும். மற்றவை அடுத்த திறப்புக்குக் காத்திருக்கும். வாட்ஸ்அப் அழைப்பு முதல் வகை. ஜவுளிக்கடைத் தள்ளுபடி இரண்டாவது வகையில் வர வேண்டும். வர வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். எல்லாக் கடைக்காரருக்கும் தம்முடைய சரக்கே அவசரம்.

ஆகவே சிக்னல் நன்றாக இருக்கும் ஊரில் டேட்டா சும்மா ஆன் ஆகி இருப்பதால் ஓர் இரவில் குறைவது சொற்பம். என் போனில் மூன்று நான்கு சதவீதம் குறையும். அத்தான் போனில் அதைவிடச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் இறங்கினால் ஏதோ ஒரு செயலி விழித்திருக்கிறது என்று பொருள். பேட்டரி பக்கத்தைத் திறந்தால் பெயரோடு காட்டிக்கொடுக்கும்: புகைப்படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும் செயலி, குறு வீடியோ செயலி, நிமிடத்துக்கு நிமிடம் செய்தி தருகிறேன் என்று கிளம்பிய செயலி. அவற்றை மட்டும் உறங்க வைத்தால் அத்தானுக்குக் கிடைக்கும் மிச்சத்தில் பெரும்பங்கு எனக்கும் கிடைத்துவிடுகிறது, வியாபாரியின் செய்தியும் கையோடு வருகிறது.

சிக்னல் மெலிந்த இடத்தில் இரண்டு கட்சியும் தோற்கும். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும்போது போன் பையிலேயே சூடாகும். எட்டாத டவரை எட்டுவதற்கு ரேடியோ கூடுதல் மின்சாரம் இழுக்கிறது. டேட்டாவை அணைத்தாலும் அந்தத் தேடல் நிற்காது. அங்கே ஏரோபிளேன் மோடு ஒன்றுதான் வழி.

இனி என் கட்சியின் பலவீனம். அதைப் பராமரிப்பு என்பேன், முடிவைத் தீர்மானிப்பதும் அதுதான். அத்தானின் முறைக்கு ஒரு பொத்தான் போதும், எழுபது வயதுக்காரரும் செய்துவிடலாம். என் முறையில் எந்தச் செயலி உறங்க வேண்டும், எது விழித்திருக்க வேண்டும் என்று உட்கார்ந்து பிரிக்க வேண்டும். சாம்சங் போனில் இதற்கு மூன்று அடுக்கு உண்டு: உறங்குபவை, ஆழ்ந்து உறங்குபவை, ஒருபோதும் உறங்காதவை. முதல் அடுக்கில் அறிவிப்பு தாமதமாகலாம். இரண்டாவதில் போட்ட செயலி, நாம் திறந்தால் ஒழிய வேலை செய்யாது. ஷாவ்மி போன்களில் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குவது தனி, ‘ஆட்டோஸ்டார்ட்’ அனுமதி தனி. இரண்டையும் பார்க்க வேண்டும்.

பிரித்து வைத்துவிட்டு மறந்துவிடவும் முடியாது. நாம் தொடாத செயலிகளைப் போன் தானாகவே உறங்க வைக்கும். ஆண்ட்ராய்டு 12 முதல், மாதக்கணக்கில் திறக்காத செயலியின் அனுமதிகளைப் பறித்துக்கொண்டு முழு உறக்கத்துக்கே அனுப்பிவிடும். அதன் பிறகு அறிவிப்பும் வராது. வருடத்தில் சில மாதம் மட்டும் தேவைப்படும் செயலிகள்தான் இதில் மாட்டுகின்றன. மழை எச்சரிக்கைக்கு மாநில அரசின் டிஎன் அலர்ட், மின்னலுக்குத் தாமினி இரண்டும் என் போனில் இருக்கின்றன. சித்திரை வெயிலில் யார் அவற்றைத் திறக்கப் போகிறார்கள்? ஐப்பசியில் அப்பளத்தை முற்றத்தில் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும் நாளில்தான் தேவை. அதற்குள் செயலி ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும். டேட்டாவை விடாமல் ஓடவிட்டு ஒரு பயனும் இல்லை. எனவே புரட்டாசி கடைசியில் அவற்றைத் திறந்து, இருப்பிட அனுமதி, அறிவிப்பு அனுமதி இரண்டையும் சரிபார்த்து, ‘பயன்படுத்தாவிட்டால் நிறுத்திவை’ என்ற பொத்தானை அணைத்து, ஒருபோதும் உறங்காதவை பட்டியலில் சேர்க்கிறேன். மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் மறுபடி ஒரு பார்வை. இதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு அத்தான் கட்சியே நல்லது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இன்னோர் இடத்திலும் அத்தான் பக்கம் நியாயம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை புரண்டதே, அந்த மாதிரி கரண்ட் போய்விட்ட நாட்களில் அறிவிப்பைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. டேட்டாவை அணைத்து, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேச வேண்டிய நேரத்தில் மட்டும் எடுப்பதுதான் புத்தி.

பேட்டரி சேவர், டேட்டா சேவர் போன்ற மொத்தக் கட்டுப்பாடுகள் மாலைவரை தாக்குப்பிடிக்க உதவும்; நிரந்தரமாக வைத்தால் வேண்டியதும் தாமதமாகும். ஐபோனில் எல்லா அறிவிப்பும் ஆப்பிளின் ஒரே வழியில் வருவதால் இந்தப் பிரிக்கும் வேலை குறைவு என்றே படுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஐபோன் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, அதுவும் மகள் கையில்.

போன் வாங்கி நான்கு வருடம் தாண்டி, மத்தியானத்துக்குள் பாதிக்குக் கீழே போகிறது என்றால் இந்த அலசலே தேவையில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் போகும்போது பேட்டரியை மாற்றிவிட்டு வந்து, பிறகு கட்சி சேருங்கள்.