பிக்கப் கேரியருக்கு எந்தப் பைப்: கருப்பா, ஜிஐயா, எஸ்.எஸ்ஸா?

20 அடி பிவிசி பைப், அலுமினிய ஏணி, சவுக்குக் கம்பு இதையெல்லாம் பிக்கப்பில் ஏற்ற கேபினுக்கு மேல் நீளும் ஒரு கேரியர் வேண்டும். ரெடிமேடாக வாங்கத் தேவையில்லை, பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே அடித்துவிடலாம். அடிப்பது எளிது. குமரி மாவட்டத்தில் கொளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரம் ஓடும் வண்டியில் துருப்பிடிக்காமல் காப்பாற்றுவதுதான் பாடு. கருப்பு பைப் (பூச்சில்லாத சாதா இரும்பு), ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு), எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), அலுமினியம் நான்கையும் பார்த்துவிட்டு நாங்கள் எடுத்தது ஜிஐ.

முதலில் அளவு. 9 அடி டெக்குக்கு (பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி) 40 மி.மீ. சதுர பைப், 2 மி.மீ. கனத்தில் மூன்று லெங்த் (முழுப் பைப்) போதும். கடையில் 20 அடி என்று சொன்னாலும் லெங்த் 6 மீட்டர்தான், அதாவது 19 அடி 8 அங்குலம். இதை மறந்து வெட்டினால் ஒரு கால் குட்டையாகிவிடும். முதல் இரண்டு லெங்த் ஒவ்வொன்றிலும் பதினொன்றரை அடியில் ஒரு நீளப் பைப், 4 அடியில் இரண்டு கால். மூன்றாவதில் ஐந்தரை அடியில் இரண்டு குறுக்கு, 2 அடியில் நான்கு சாய்வு முட்டு. மேலே குறுக்குப் பட்டைக்கு 25 மி.மீ. பைப் ஒரு லெங்த்: ஐந்தரை அடியில் மூன்று துண்டு, மிச்சத்தில் சாமான் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க 9 அங்குலத்தில் நான்கு முளை. எல்லாம் சேர்ந்து இரும்பில் 52 கிலோ வரும்.

கருப்பு பைப்தான் மலிவு. எந்தப் பட்டறையிலும் 6013 என்ற சாதா வெல்டிங் ராடில் ஒட்டும். கடலைவிட்டு உள்ளே குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கமே ஓடும் வண்டிக்கு இதுவே போதும். ரெட் ஆக்சைடு இரண்டு கோட், மேலே எனாமல், வருஷத்துக்கு ஒரு தடவை தேய்த்து டச்சப். ஆனால் மீன் லோடு ஏற்றும் வண்டியில் இது நிற்காது. பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் காலின் அடியில்தான் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டு வந்து, ஒருநாள் சுத்தியல் தட்டினால் ஓட்டை விழும்.

ஜிஐக்கு நாங்கள் சாய்ந்ததும் இதனால்தான்: துத்தநாகப் பூச்சு பைப்பின் உள்பக்கமும் இருக்கிறது, அங்கே பிரஷ் போகாது. கிலோவுக்கு 20 ரூபாய் கூடக் கொடுத்தாலும் மொத்த கேரியருக்கு ஆயிரம் ரூபாய்ச் சொச்சம்தான் வித்தியாசம். ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். ஜிஐ சதுர பைப் கேட்டால் பல நேரம் கைக்கு வருவது ஜிபி. அது பூச்சு பூசிய தகட்டை மடித்து ஒட்டியது. பூச்சு மெல்லிசு, உள்ளே தையல் ஓரத்தில் பூச்சு எரிந்து கருத்த கோடு ஓடும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜிஐ மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். அது கிடைக்காவிட்டால் பிளம்பிங் கடையில் ஒன்றேகால் அங்குல பி கிளாஸ் தண்ணீர்க் குழாய் வாங்கலாம். நீலப் பட்டை போட்டிருக்கும், கனம் 3.2 மி.மீ. எடை சற்றுக் கூடும். உருண்டை பைப் என்பதால் இணைப்பில் மீன்வாய் மாதிரி வளைத்து வெட்ட வேண்டும். அந்தக் கூலியைப் பார்க்காமல் இதையே எடுப்பது நல்லது.

ஜிஐயின் பலவீனம் வெல்டிங் இடம். துத்தநாகம் 420 டிகிரியில் உருகி 907 டிகிரியில் ஆவியாகிவிடும். இரும்பு உருக 1500 டிகிரி வேண்டும். ஆகவே ஒட்டும் இடத்தில் பூச்சு எரியாமல் இருக்க வழியே இல்லை. எரியும் பூச்சு வெல்டுக்குள் குமிழி குமிழியாகப் பொத்தல் போடும். இணைப்பின் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் கிரைண்டரால் பூச்சைச் சுரண்டிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும். வேலை வெட்டவெளியில் நடக்கட்டும். ஒட்டியபின் கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, பளிச்சென்று இரும்பு தெரிந்தபிறகு ஜிங்க் ரிச் பிரைமர் (துத்தநாகத் தூள் நிறைந்தது) இரண்டு கோட், மேலே எபாக்சி பெயின்ட். போல்ட்டுக்குத் துளை போட்ட விளிம்பையும் விடாதீர்கள். மற்ற இடத்துக்குப் பெயின்டே வேண்டாம். புது ஜிஐ மேல் நேரடியாக எனாமல் அடித்தால் செதில் செதிலாக உரியும்.

அடுத்தது பைப் முனை. ஒன்று, சுற்றிலும் வெல்டு வைத்துக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அல்லது கீழ்ப்பக்கம் 6 மி.மீ. துளை போட்டுத் தண்ணீர் வடிய விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விட்டால்தான் கெடுதல். பகல் வெயிலில் பைப்புக்குள் காற்று விரிந்து வெளியேறும், ராத்திரி குளிரும்போது ஊசித்துளை வழியே உப்புக்காற்றை உள்ளே இழுக்கும். போன ஈரம் வெளியே வராது. பிளாஸ்டிக் மூடி போட்டால் கீழே துளை கட்டாயம்.

எஸ்.எஸ். பார்க்க அழகு, 304 தரம் என்றால் உழைக்கவும் செய்யும். கடலோரத்தில் அதன்மேலும் பழுப்புக் கறை படியும், ஆனால் நல்ல தண்ணீரில் கழுவினால் பெரும்பாலும் போகும். கிலோ விலை கருப்பு பைப்பைப் போல மூன்று நான்கு மடங்கு. 304 என்று சொல்லி மலிவான 202 தரத்தைத் தருவதும் உண்டு. காந்தம் இரண்டிலும் ஒட்டாது, அதை வைத்துச் சோதிக்க முடியாது. 308எல் ராடு அல்லது ஆர்கான் வெல்டிங் வேண்டும், சாதா ராடு வைத்தால் இணைப்பு மட்டும் துருப்பிடிக்கும். கைப்பிடிக்கு விற்கும் மெல்லிசு பைப்பை எடுக்காதீர்கள்.

அலுமினியம் எடையில் இரும்பின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஒட்டிய இடத்தில் பலம் பாதியாகக் குறையலாம். போல்ட் போட்டால் இரும்பு தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டு அலுமினியம் அரிக்கும், நடுவில் ரப்பர் வைத்தே ஆக வேண்டும். லோடு கேரியராக இதைப் பல வருஷம் ஓட்டிய அனுபவம் எங்களுக்குக் குறைவு. ஏணி மட்டும் ஏற்றுகிறவர்களுக்குச் சரிப்படலாம்.

எந்தப் பைப்பானாலும் கேபின் கூரையில் தாங்கல் கொடுக்காதீர்கள். கேபின் ரப்பர் மவுண்டில் தனியாக ஆடும், டெக் தனியாக முறுக்கும்; இரண்டையும் கேரியரால் கட்டினால் கூரைத் தகடு ஓரத்தில் விரிசல் விடும். நான்கு காலும் டெக்கின் தூண்மேல் நிற்கட்டும், முன்நீட்டம் கேபினுக்கு 4 அங்குலம் மேலே சும்மா இருக்கட்டும். காலுக்கு 6 மி.மீ. தகடு, 12 மி.மீ. போல்ட் நான்கு, நைலாக் நட் (அதிர்வில் கழலாத நட்), கீழே எதிர்த்தகடு, நடுவில் லாரி டியூப் துண்டு. வண்டிமேல் வைத்து ஏதாவது ஒட்ட வேண்டியிருந்தால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மேலே 100 கிலோவுக்கு மேல் வேண்டாம். பேச்சிப்பாறை ரோட்டு வளைவிலும் ஆரல்வாய்மொழிக் காற்றிலும் உயரத்தில் இருக்கும் எடை வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். ஓட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் எல்லா நட்டையும் மறுபடி முறுக்கிவிடுங்கள்.

சேஸிஸில் வெல்டு வைப்பதைவிட போல்ட்டில் நிறுத்துவது எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நேரத்திலும் நல்லது, வண்டியை விற்கும்போது கேரியரைத் தனியாகக் கழற்றிக்கொள்ளலாம். பின்னால் பாடியைத் தாண்டிப் பைப் நீட்டினால் கேஸ் விழும். அடிப்பதற்கு முன்பே நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் உங்கள் வண்டிக்கு எந்த உயரம் வரை அனுமதி என்று கேட்டுவிட்டு, பிறகு காலை வெட்டுங்கள்.