ஸ்பைடர்மேனின் சலவைக் கணக்கு

கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகன் வாசலிலேயே ஒரு நிபந்தனை போட்டான். ஸ்பைடர்மேன் பார்க்க வேண்டும். கோடீஸ்வரர் யாரோ உடை செய்து கொடுத்து, விமானத்தில் கூட்டிப்போகிற ஸ்பைடர்மேன் வேண்டாம். கையில் காசில்லாத ஸ்பைடர்மேன்தான் வேண்டும். அப்படி ஐந்தாறு பேர் இருக்கிறார்களே, யாரைப் போடுவது? ஒரு மாலை முழுவதும் யோசித்துவிட்டு 2004இல் சாம் ரெய்மி இயக்கிய இரண்டாம் பாகத்தைப் போட்டேன். ஏன் அது என்று அவன் கேட்ட கேள்விக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொன்ன பதில் போதவில்லை.

யார் நன்றாக நடித்தார், எந்த வில்லன் பயங்கரம், கட்டடங்களுக்கு நடுவே ஆடுவது எதில் அழகு என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவற்றில் ஆளுக்கொரு கட்சி உண்டு. பழைய கார் வாங்கப் போகிறவன் விலையைவிட, மாதாமாதம் அது எவ்வளவு விழுங்கும் என்பதைத்தான் துருவிக் கேட்பான். நானும் அதையே கேட்கிறேன். ஸ்பைடர்மேனாக இருப்பதற்கு மாதம் என்ன செலவு? அது யார் பையிலிருந்து போகிறது?

இந்தக் கணக்கு கதை பிறந்தபோதே தொடங்கிவிட்டது. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் படக்கதைக்காக உருவாக்கிய பையன் பீட்டர் பார்க்கர், அதாவது முகமூடிக்குள் இருக்கும் ஸ்பைடர்மேன், அடுத்த ஆண்டு வந்த தன் சொந்த இதழின் முதல் கதையிலேயே வாடகைக்குத் திண்டாடுகிறான். முகமூடியோடு மேடையேறிச் சம்பாதிக்கிறான். சம்பளம் ‘ஸ்பைடர்மேன்’ பெயரில் காசோலையாக வருகிறது. வங்கியில் அடையாள அட்டை கேட்கிறார்கள். போட்டிருக்கும் உடையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல சம்பளம் கிடைக்கும் என்று ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர் ஹீரோ குழுவிடம் போனால், நாங்கள் லாபத்துக்காக நடத்தவில்லை என்கிறார்கள். பெரியம்மா மே நகையை அடகு வைக்கிறார். பல ஆண்டுகள் கழித்துத் திரைக்கு வந்த எல்லா வறுமைக்கும் விதை இந்த ஒரு இதழில் இருக்கிறது.

2004 படத்தில் டோபி மெக்வயர் நடித்த பீட்டரைத் தமிழில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: பிழைக்கத் தெரியாதவன். பத்திரிகை முதலாளி ஜேம்சனிடம் பேரம் பேசி ஒரு படத்துக்கு 300 டாலர் வாங்குகிறான். சீட்டை நீட்டினால், இரண்டு வாரம் முன்பு வாங்கிய முன்பணத்துக்கே இது போதாது என்கிறாள் அங்கே இருக்கும் பெண். வாரம் ஓட்டக் கையில் மிஞ்சியிருக்கும் 20 டாலரை வீட்டுக்காரர் பிடுங்கிக்கொள்கிறார். (அவர் பெயர் டிட்கோவிச். டிட்கோவுக்கு வைத்த சலாம்.) பெரியம்மாவோடு வங்கிக்குக் கடன் கேட்கப் போகிறான், கடன் இல்லை. இலவச ரொட்டி வாட்டும் கருவியாவது கிடைத்ததே என்று அந்தம்மா தேற்றிக்கொண்டால், 300 டாலர் கணக்கில் போட்டால்தான் அது என்கிறார் அதிகாரி. பட்ட காலிலே படும்.

இவ்வளவுதான் என்றால் அவனைச் சாதாரண ஏழை என்று சொல்லி நகர்ந்திருப்பேன். என்னைப் பிடித்து உட்கார வைத்தது பீட்சா காட்சி. 29 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பது கடையின் வாக்கு. தாமதமானால் வேலை போய்விடும். ஸ்கூட்டரில் போனால் நேரமாகும் என்று உடையை மாட்டிக்கொண்டு பறக்கிறான். வழியில் இரண்டு குழந்தைகள் லாரிக்கு முன்னால் ஓடுகிறார்கள், காப்பாற்றுகிறான். முகவரிக்கு வந்து துடைப்பம் வைக்கும் அறையில் உடை மாற்றிக்கொண்டு, பீட்சா பெட்டிகளோடு வெளியே வரப் பார்க்கிறான். துடைப்பங்கள் சரிகின்றன. நிமிர்த்தி வைக்கிறான், மறுபடி சரிகின்றன. ஒரு லாரியைச் சமாளித்தவனால் நாலு துடைப்பத்தைச் சமாளிக்க முடியவில்லை. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் சலனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாமதம், பணம் தர முடியாது என்கிறாள். வேலை போகிறது. அந்த இரண்டு உயிரின் விலை அவன் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் வாடகை, படிப்பு, காதல் என்று ஏதோ ஒரு இடத்தில் நிமிடம் குறைகிறது. மற்ற பீட்டர்களுக்கும் பணமில்லை. அதற்குக் காரணம் வேறாக இருக்கும். இவனுக்கு உடையே காரணம். அதைத் துவைக்கவும் காசு போட்டால் ஓடும் பொதுச் சலவை இயந்திரத்துக்குத்தான் போக வேண்டும். துவைத்தெடுத்தால் வெள்ளைத் துணியெல்லாம் சிவப்பும் நீலமும் ஏறியிருக்கின்றன.

சலவையை வைத்தே மற்றவர்களையும் அளந்துவிடலாம். ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் பீட்டரும் 2014 படத்தில் துணிகளுக்குச் சாயம் ஏற்றுகிறான். பெரியம்மா அதைச் சொல்லிக் காட்டும்போது, அமெரிக்கக் கொடியைத் துவைத்தேன் என்று சமாளிக்கிறான். நல்ல நகைச்சுவை. ஆனால் வீட்டில் துவைக்க இயந்திரம் இருக்கிறது; படிப்புச் செலவுக்காகப் பெரியம்மா ரகசியமாகச் செவிலியர் பயிற்சிக்குப் போகிறார். சுமை அவருடையது, நகைச்சுவை இவனுடையது.

டாம் ஹாலண்டின் பீட்டர் 2016இல் அறிமுகமாகும்போது குப்பையில் கிடைத்த டிவிடி கருவியோடு வருகிறான். எனக்கு ஆசை பொங்கியது. அடுத்த நொடி பார்த்தால், கோடீஸ்வரர் டோனி ஸ்டார்க் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். அதோடு செலவுக் கணக்கு முடிந்தது. 2021 படத்தின் கடைசி சில நிமிடங்களுக்கு மட்டும் தனி மதிப்பெண் தருவேன். உலகமே அவனை மறந்துவிட்டது. சின்ன வாடகை அறை, ஒன்றாம் தேதி வாடகை தவறக்கூடாது என்கிற வீட்டுக்காரர், ஒரு தையல் இயந்திரம், சொந்தமாகத் தைத்த உடை. கதை அங்கே தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் மனக்குறை.

2018இல் வந்த அனிமேஷன் படத்தின் நடுவயது பீட்டர் வேறு ஜாதி. விவாகரத்து, தொந்தி, ஸ்பைடர்மேன் பெயரில் உணவகம் திறந்து போட்ட முதல் போனது. பர்கரை மொத்தமாகத் தின்றுவிட்டு, எதிரே இருக்கும் பள்ளிக்கூடப் பையனிடம் காசிருக்கிறதா என்று கேட்கிறான். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அந்த நஷ்டம் அவன் தப்பாகப் போட்ட முதலால் வந்தது, கடமையால் அல்ல.

அதே ஆண்டு வந்த வீடியோ கேமைப் பற்றிச் சற்றே தயங்கித்தான் சொல்ல வேண்டும். நான் ஆடியவனில்லை, அக்கா மகன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். தொடக்கத்திலேயே கதவுக்கு அடியில் வாடகை நோட்டீஸ் வருகிறது. பிறகு வீட்டைவிட்டே துரத்துகிறார்கள். சாமான்களுக்காகக் குப்பை லாரிகளைத் துரத்த வேண்டியிருக்கிறது. உடை கிழிந்தால் ஆய்வகத்தில் தானே சரிசெய்கிறான். 2004க்கு மிக அருகில் வருவது இதுதான். கைப்பிடியைக் கையில் பிடித்தவர்கள் இதை முதலிடத்தில் வைத்தால் சண்டைக்கு வரமாட்டேன்.

அக்கா மகன் தீர்ப்பு வேறு. அவனுக்குத் தொந்தி பீட்டர்தான் பிடித்தமானவன். இருந்தாலும் துடைப்பக் காட்சியை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னான். மூன்றாவது முறை சிரிக்கவில்லை. பீட்சாவுக்கான பணத்தைக் கடைக்காரர் யாரிடம் வாங்குவார் என்று கேட்டான்.