பேட்டரி மோவரா, பெட்ரோல் மோவரா: கால் ஏக்கர் வீட்டுக்கு எது சரிப்படும்?

அமெரிக்கப் புறநகரில் கால் ஏக்கர் மனை என்றால் 10,890 சதுர அடி. வீடு, டிரைவ்வே, செடிப் பாத்திகள் போக, வெட்ட வேண்டிய புல் 6,000 முதல் 7,000 சதுர அடி வரை இருக்கும். இதற்கு 21 இன்ச் டெக் (பிளேடை மூடியிருக்கும் அடிப்பெட்டி) உள்ள, பின்னால் நடந்து ஓட்டும் மோவர் தாராளம். அதைப் பேட்டரியில் வாங்குவதா பெட்ரோலில் வாங்குவதா என்று கேட்பவர்கள் முதலில் "பவர் போதுமா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சில சீசன் ஓட்டியவர்களுக்குத் தெரியும், சிக்கல் வருவது வேறு இடத்தில். பெட்ரோல் மோவரைக் கெடுப்பது டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல். பேட்டரி மோவரைக் கெடுப்பது சூடும், முழு சார்ஜில் சும்மா கிடப்பதும். இந்த இரண்டில் எதை உங்களால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதைப் பொறுத்து முடிவெடுத்தால் பின்னால் வருத்தம் இருக்காது.

முதலில் பேட்டரிக் கணக்கு. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசை மேல் இரண்டரை இன்ச் ஏறி வந்தால் 21 இன்ச் டெக் உண்மையில் வெட்டுவது பதினெட்டரை இன்ச். மணிக்கு 3 மைல் வேகத்தில் நடந்து, திரும்பும் நேரத்தையும் சேர்த்தால், மணிக்குச் சுமார் 18,000 சதுர அடி முடியும். 7,000 சதுர அடிக்கு 25 நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். சாதாரண வாரத்தில் மோட்டார் சராசரியாக 700 வாட் இழுக்கிறது என்று வைத்தால் செலவு 290 வாட் ஹவர். அடர்ந்த புல்லில் 1,000 வாட் இழுத்தால் 420 வாட் ஹவருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வோல்ட்டை விட்டுவிட்டு இந்த வாட் ஹவரைத்தான் பார்க்க வேண்டும். 40 வோல்ட் என்று விற்பது 10 செல் வரிசை. ஓடும்போது அதன் சராசரி 36 வோல்ட். 80 வோல்ட் என்பது 20 செல், சராசரி 72. ஆக 40 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியும், 80 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் ஹவர் பேட்டரியும் தருவது ஒரே 180 வாட் ஹவர்தான். ஈகோ என்ற பிராண்டின் 56 வோல்ட் பேட்டரியும் அப்படியே: 7.5 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 420 வாட் ஹவர் என்று அச்சடித்திருக்கும், சராசரி வோல்ட்டான 50.4-ஐ வைத்துப் பெருக்கினால் 378. மோவரோடு சேர்த்துத் தரும் சின்ன பேட்டரியில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உங்கள் புல்லுக்குத் தேவையான அளவைவிட 30 சதவீதமாவது கூடுதலாக இருப்பதை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

சோதனை வருவது மே மாதத்தில். கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ போன்ற குளிர்பிரதேசப் புல்வகைகள் ஏப்ரல், மே மாதங்களில் விறுவிறுவென்று வளரும். நடுவில் ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டால் புல் 6, 7 இன்ச் ஆகி, அடியில் ஈரத்தோடு நிற்கும். வெட்டிய புல்லைப் பொடியாக்கித் தரையிலேயே விழவைக்கும் மல்ச்சிங் பிளக்கைப் போட்டுக்கொண்டு வழக்கமான உயரத்தில் இறங்கினால் பாதியிலேயே பேட்டரி தீர்ந்துவிடும். அன்றைக்குச் செய்ய வேண்டியது: மல்ச்சிங் பிளக்கை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் புல்லைத் தள்ளும் மூடியை மாட்டுங்கள், டெக்கை உச்சத்துக்கு ஏற்றுங்கள், பாதி அகலம் மட்டும் வெட்டியபடி மெதுவாக நடங்கள். மூன்று நாள் கழித்து இறக்கி இன்னொரு முறை வெட்டலாம். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்ற விதி பெட்ரோலுக்கும் உண்டு. பெட்ரோல் மோவர் அந்த விதியை மீறினாலும் திணறித் திணறியாவது முடித்துவிடும், பேட்டரி முடிக்காது. அதுதான் வித்தியாசம்.

வெட்டின தரத்திலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலைப்படி பிளேடின் நுனி வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது. 21 இன்ச் பிளேடுக்கு அது சுமார் 3,450 ஆர்பிஎம். பெட்ரோல் எஞ்சினில் கவர்னர் என்ற வேகக் கட்டுப்படுத்தி அந்த எல்லைக்குள் ஒரே வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும். பேட்டரி மோவர்கள் பல, சார்ஜை மிச்சப்படுத்த லேசான புல்லில் குறைந்த வேகத்தில் சுற்றி, பாரம் உணர்ந்த பிறகுதான் வேகம் ஏற்றும். அந்த இடைவெளியில் டெக்குக்குள் இழுப்புக் காற்று குறைவு. முன்சக்கரம் அழுத்திவிட்டுப் போன புல் நிமிராமல், சக்கர அகலத்துக்கு ஒரு கோடாக வெட்டாமலே நிற்கும். டர்போ பட்டன் அல்லது புல்லை மேலே இழுக்கும் ஹை லிஃப்ட் பிளேடு போட்டால் சரியாகும். இரண்டுமே சார்ஜைக் கூடுதலாகத் தின்னும்.

பிளேடு மழுங்கினால் பெட்ரோல் எஞ்சின் அதை மறைத்துவிடும். பேட்டரியில் ஓடும் நேரமே குறைந்து காட்டிக்கொடுக்கும். சீசன் தொடக்கத்தில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை தீட்டினால் கால் ஏக்கருக்குப் போதும். பேட்டரியையும் பாதுகாப்புச் சாவியையும் கழற்றிய பிறகே பிளேடில் கை வையுங்கள். பெட்ரோலில் ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்க வேண்டும். பழைய கோணம் மாறாமல் அரத்தால் ராவி, நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். சமமில்லாத பிளேடு மோட்டார் பேரிங்கைத் தின்றுவிடும். பெட்ரோல் மோவரைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் எண்ணெய் ஃபில்டருக்குள் போய், அடுத்த தடவை வெள்ளைப் புகையாகக் கக்கும்.

பெட்ரோல் மோவர் பழுதுகளில் பெரும்பகுதி எரிபொருளில் தொடங்குகிறது. பம்பில் கிடைப்பது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் கார்புரேட்டரில் நின்றால் பிசின் மாதிரிப் படிந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் மெயின் ஜெட்டின் ஊசிமுனை ஓட்டையை அடைக்கும். ஸ்டார்ட் ஆகியும் சத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடினால், ஜெட் பாதி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். டேங்க் பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தின் போல்ட்டைக் கழற்றி, கிளீனர் அடித்து, மெல்லிய கம்பியால் ஓட்டையைத் திறந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வராமல் தடுக்க, சீசனின் கடைசி வெட்டுக்கு முன் பெட்ரோல் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தை டேங்கில் கலந்து ஐந்து நிமிடமாவது ஓட்டுங்கள், அல்லது எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அரை லிட்டர் எண்ணெய், ஒரு பிளக், ஒரு ஃபில்டர். பிளேடு கல்லிலோ மரவேரிலோ மோதி நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கார்புரேட்டரை நோண்டாதீர்கள். ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டி வைக்கும் சின்ன உலோகத் துண்டான ஃப்ளைவீல் சாவி வெட்டுப்பட்டு, பிளக் பொறி விடும் நேரம் (இக்னிஷன் டைமிங்) நகர்ந்திருக்கும். சாவியின் விலை சில டாலர்தான். ஃப்ளைவீலைக் கழற்ற அதை இழுத்தெடுக்கும் புல்லர் என்ற கருவி வேண்டும்.

பேட்டரிக்கு வருவோம். வெட்டி முடித்ததும் பேட்டரி சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் சார்ஜரில் செருகினால் நல்ல சார்ஜர் ஆறும்வரை காத்திருக்கும். நீங்களே அரை மணி நேரம் நிழலில் வைத்துவிடுவது மேல். லித்தியம் செல்லை 0 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் சார்ஜ் செய்வதுதான் பாதுகாப்பு. டாலஸ், ஃபீனிக்ஸ் கராஜ் ஜூலையில் 40-ஐத் தாண்டும். மினசோட்டா கராஜ் ஜனவரியில் பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கும். இரண்டு ஊரிலும் பேட்டரியின் இடம் வீட்டுக்குள்தான். நவம்பரில் இலைகளை மல்ச் செய்து முடித்தபின் பாதி சார்ஜில் வையுங்கள். முழு சார்ஜில் கராஜ் அலமாரியில் வைத்த பேட்டரிதான் சீக்கிரம் கிழடாகிறது.

வயதாவது முதலில் தெரிவது ஓடும் நேரத்தில் அல்ல. செல்லின் உள்தடை ஏறுவதால், அடர்ந்த புல்லில் நுழையும்போது வோல்ட் சரிந்து, காட்டியில் பாதி சார்ஜ் இருக்கும்போதே மோவர் பொசுக்கென்று நிற்கும். லேசான புல்லில் அதே பேட்டரி நன்றாகவே ஓடும். நான்கைந்து வருடத்தில் இப்படி ஆரம்பித்தால் அதை டிரிம்மருக்கு, புளோயருக்குத் தள்ளிவிட்டு மோவருக்குப் புதிது வாங்கலாம்.

பேட்டரி நிறைந்திருந்தும் மோவர் அசையவில்லை என்றால், முதலில் கைப்பிடியின் பூட்டுகள் முழுக்க விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மடக்கிய கைப்பிடியோடு ஓடாமல் இருக்க அங்கே ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். பூட்டு கால் இன்ச் விலகியிருந்தாலும் மின்சாரம் போகாது. அடுத்து, பேட்டரி உட்காரும் குழியில் புல்தூள். உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். டெக்கின் அடியை பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்தால் போதும், தண்ணீர் பைப்பைத் திருப்பி அடிக்காதீர்கள்.

பேட்டரி மோவரின் உண்மையான பலவீனம், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான கன்ட்ரோலர் போர்டு. வாரன்டி முடிந்தபின் அது போனால் தெருமுனை ரிப்பேர் கடையில் கை வைக்க மாட்டார்கள், போர்டின் விலையும் மோவரையே மாற்றச் சொல்லும். 15 வருடப் பெட்ரோல் மோவரை 20, 25 டாலர் கார்புரேட்டரால் உயிர்ப்பிக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் பெட்ரோலுக்கு ஈடில்லை.

பணக்கணக்கு பலர் நினைப்பதுபோல் இல்லை. ஒரு முழு சார்ஜுக்கு, இழப்பும் சேர்த்து, அரை யூனிட். யூனிட்டுக்கு 17 சென்ட் என்றால் 9 சென்ட்டுக்குள். 28 முறை வெட்டினால் இரண்டரை டாலர். பெட்ரோலில் முறைக்குக் கால் காலன் வைத்தால் சீசனுக்கு 7 காலன், அதோடு எண்ணெய், பிளக், ஃபில்டர், ஸ்டெபிலைசர். வருடத்துக்கு 40, 50 டாலர் மிச்சமாகும். அதைப் புதிய பேட்டரி ஒன்று விழுங்கிவிடும். ஆகவே பணத்துக்காகப் பேட்டரிக்கு மாறாதீர்கள். சத்தத்துக்காக மாறலாம்: பெட்ரோல் எஞ்சின் காதருகே 90 டெசிபல் அளவில் இரையும், பேட்டரி மோவர் அதைவிடக் கணிசமாகக் குறைவு. கயிறு இழுக்க வேண்டாம், நிமிர்த்தி சுவரோரம் நிறுத்தலாம், புகை இல்லை.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குத் தேர்வு ஏறக்குறைய முடிந்துவிட்டது: 2021-இல் கொண்டுவந்த சட்டத்தின் வழியாக, 2024 மாடல் ஆண்டிலிருந்து புதிய சிறு எஞ்சின்களில் பெரும்பாலானவை புகையற்றவையாக இருக்க வேண்டும், பழையதை ஓட்டத் தடையில்லை. ஹோண்டாவும் 2023-இல் அமெரிக்காவில் பெட்ரோல் மோவர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மற்ற மாநிலங்களில், மூன்றில் ஒரு ஏக்கர் மனை வரை பேட்டரியைத் தயங்காமல் வாங்கலாம். அரை ஏக்கருக்கு மேல், அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வெட்ட நேரம் கிடைக்கும் என்றால், பெட்ரோல்தான் சரி.

ஓய்ந்த பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, அந்த அளவு பேட்டரியை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு ஹோம் டிப்போ, லோஸ் கடைகளின் சேகரிப்புப் பெட்டியில் போடலாம். உப்பியது, உடைந்தது என்றால் அந்தப் பெட்டியும் கூடாது, கவுன்ட்டியின் அபாயக் கழிவு மையத்துக்கு நேரில் கொண்டுபோக வேண்டும்.