மஞ்சளா, வெள்ளையா: சித்தப்பா வாங்கிவந்த இரண்டு க்யூ10

சூரமங்கலத்துச் சித்தப்பா கொழுப்புக்கு ஸ்டாட்டின் போடுபவர். கால் சதை வலிக்கிறதென்று, உடம்பே செய்துகொள்ளும் கோஎன்சைம் க்யூ10 என்ற பொருளை மாத்திரையாக இரண்டு டப்பா வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். ஒன்று யுபிக்வினோன், மற்றது யுபிக்வினால். பின்னதன் விலை இரண்டு மடங்குக்கு மேல். "எதுல கண்ணு சத்து அதிகம்?"

தட்டுவடை செட் தின்ற தட்டைக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு கேப்ஸ்யூலை ஊசியால் குத்திப் பிழிந்தேன். யுபிக்வினோன் மாம்பழச் சாறு போல மஞ்சள், யுபிக்வினால் வெள்ளை. இரண்டு நாள் மூடாமல் கிடந்ததில் வெள்ளையிலும் மஞ்சள் ஏறிவிட்டது. காற்றுப்பட்டு எலக்ட்ரானை இழந்தால் அதுவும் யுபிக்வினோன்தானே!

செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இதன் வேலையே எலக்ட்ரானைக் கைமாற்றுவதுதான்: முதல், இரண்டாம் புரதக் கூட்டுகளிடம் எலக்ட்ரானை வாங்கி மூன்றாவதிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வரும். 1957-ல் ஃபிரெடரிக் கிரேன் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்ததும் மஞ்சள் வடிவத்தைத்தான். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ள உடம்புக்குத் தெரியும். ரத்தத்தில் ஓடுவதில் பெரும்பங்கு யுபிக்வினால். அப்புறம் வெள்ளைக்கு எதற்குக் கூடுதல் காசு? எண்ணெயில் எப்படிக் கரைத்திருக்கிறார்கள், சாப்பாட்டோடு போடுகிறோமா என்றுதான் நான் பார்ப்பேன்.

2014-ல் வெளியான க்யூ-சிம்பயோ இதயச் செயலிழப்பு ஆய்வில் கொடுத்ததும் யுபிக்வினோனே. 420 பேர், இரண்டு வருடம், தினம் 300 மி.கி. பெரிய இதயப் பாதிப்பு வந்தவர்கள் 15 சதவீதம். வெற்று மாத்திரை போட்டவர்களில் 26. அதே ஆண்டு வந்த பார்க்கின்சன் (நடுக்குவாதம்) ஆய்விலோ 2,400 மி.கி. வரை கொடுத்தும் பயனில்லை.

ஆய்வுக்கூடத்தில் செய்த, க்யூ10 போன்ற மூலக்கூறுகள் இன்னும் இரண்டு போட்டிக்கு உண்டு. மைட்டோக்யூ மூலக்கூறின் வாலில் நேர்மின்னேற்றம். அதனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பலநூறு மடங்கு சேரும். பார்க்கின்சனில் அதுவும் தேறவில்லை. குட்டை வால் இடிபினோன், பழுதான முதல் கூட்டைச் சுற்றிக்கொண்டு எலக்ட்ரானைக் கடத்தும். லெபர் பரம்பரைப் பார்வைநரம்பு நோய்க்கு 2015-ல் ஐரோப்பா அனுமதித்தது. இரண்டையும் க்யூ10-க்கு மாற்று என்று நினைத்துவிடக் கூடாது.

"அப்ப என் கால்வலி?"

கொழுப்பு உண்டாவதைத் தடுக்க ஸ்டாட்டின் அடைக்கும் பாதையில்தான் உடம்பு க்யூ10-ஐயும் செய்கிறது, ரத்தத்தில் அளவும் குறைகிறது. ஆனால் மாத்திரை போட்டால் வலி போகுமா என்பதில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு வேறு. "ஸ்டாட்டினை நீங்களா நிறுத்திடாதீங்க சித்தப்பா, டாக்டரைக் கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடுறவங்களா இருந்தா க்யூ10-ஐயே கேட்காம தொடக் கூடாது" என்றேன்.

வெள்ளை டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனார். ஒன்று குறைகிறதென்று கடைக்காரர் வாங்கவில்லை.