ஆர்.சி. சிமுலேட்டர்: திரையில் இல்லாத தொலைவு

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம் ஓட்டக் கற்க விரும்பும் நண்பர் ஒருவர், கணினித் திரையில் ஓட்டிப் பழகும் மென்பொருளான சிமுலேட்டருக்குப் பணம் செலவிடலாமா என்று கேட்டிருந்தார். சில ஆண்டுகளாக அதை விடாமல் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், அவருக்கு எழுதிய பதிலையே சற்று விரித்துத் தருகிறேன்.

விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும் குழப்பத்தைத் தீர்ப்பதில் சிமுலேட்டருக்கு இணை கிடையாது. அந்த நிலையில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் விமானம் நம் வலப்பக்கமாகத் திரும்பும். தாழ்ந்த இறக்கை நம் பார்வையில் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளி முட்டுக்கொடுக்க வேண்டும் என்ற உபாயத்தைப் படித்து அறிவது எளிது. விரல்கள் அதை யோசிக்காமல் செய்வதற்குத்தான் ஏகப்பட்ட விபத்துகள் தேவைப்படுகின்றன. அவையெல்லாம் ரீசெட் பொத்தானை அழுத்தியதும் இருந்த சுவடின்றிப் போய்விடுகின்றன. இன்ஜின் நின்றபின் தரையிறக்குவது, பக்கக் காற்றில் ரடரை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையை) கையாள்வது ஆகியவற்றுக்கும் இது நல்ல பயிற்சிதான். ஒரே நிபந்தனை, விமானத்தை இயக்கக் கையில் பிடிக்கும் சொந்த டிரான்ஸ்மிட்டரையே கணினியுடன் இணைக்க வேண்டும். கைவிட்டதும் நடுவுக்குத் திரும்பிவிடும் ஸ்பிரிங் கொண்ட கேம்பேடில் (விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியில்) த்ராட்டில், அதாவது இன்ஜின் வேகக் கட்டுப்பாடு, பழகுவது வீண்.

என் பொறுமையைச் சோதிப்பது தொலைவு. அறுபது பாகைக் காட்சியை 1920 புள்ளி அகலமுள்ள திரையில் காட்டினால், ஒரு பாகைக்கு 32 புள்ளிகளே கிடைக்கும். 1 மீட்டர் இறக்கை அகலமுள்ள விமானம் 100 மீட்டர் தள்ளிப் பறந்தால், திரையில் அதன் அகலம் ஏறத்தாழ 18 புள்ளிகள்தான். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தறியும் என்பதால், மைதானத்தில் தெளிவாகத் தெரியும் சாய்வு திரையில் ஒரு கறுப்புக் கீற்றாகச் சுருங்கிவிடுகிறது. அது வருகிறதா போகிறதா என்பதே தெரியாது. இதற்கு மருந்தாகத்தான் தானியங்கி ஜூம் என்ற வசதியை வைத்திருக்கிறார்கள், அந்த மருந்து நோயைவிட மோசம். விமானம் எட்டப் போகப் போகத் திரை அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதால், அருகிலேயே வைத்துப் பறக்க வேண்டும் என்ற முதல் பாடமே கற்றுக்கொள்ளப்படாமல் போகிறது. போதாக்குறைக்கு, காட்சி விமானத்தைத் தொடர்ந்து தானே திரும்புகிறது. மைதானத்தில், ஓடுபாதையிலிருந்து விமானம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை நம் கழுத்தின் திருப்பமே உணர்த்திவிடும். நாற்காலியில் கழுத்துக்கு வேலையே இல்லை. அதனால்தான் திரையில் அச்சுப் பிசகாமல் தரையிறக்குபவர்கள்கூட, மைதானத்தில் ஓடுபாதைக்கு அப்பால் எங்கோ இறக்கிவிட்டு விழிக்கிறார்கள்.

இவ்வளவு பாராட்டியிருந்தும், காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்றே நண்பருக்கு எழுதினேன். பிகாசிம் போன்ற இலவசச் சிமுலேட்டரில் அந்த இட வலக் குழப்பம் தீரும்வரை பழகிவிட்டு, மிச்சத்தை மைதானத்தில், அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கற்கலாம் என்பது என் யோசனை. அடுத்த வாரம் கேட்டிருந்தால் வாங்கச் சொல்லியிருக்கவும் கூடும். நான் அணைத்து வைத்திருந்த ஜூமை, நேற்று வந்த அப்டேட் கேட்காமலே மீண்டும் இயக்கிவிட்டது.