செங்கோட்டைச் சாரலில் பேனல் அறை: சில வருஷம் இருந்து பார்த்தபின்

பழைய வீட்டு மொட்டை மாடியில் செங்கல் சுவர் எழுப்பினால் பாரம் தாங்காது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டதால்தான் இரண்டு உலோகத் தகட்டுக்கு நடுவில் வெப்பத்தடுப்பு வைத்த பேனல் பக்கமே போனோம். 50 மி.மீ. பஃப் (பாலியூரித்தேன் நுரை) பேனல் சதுர மீட்டருக்கு 10, 11 கிலோதான் வரும். வெயிலைத் தடுப்பதில் குறையே இல்லை. சித்திரையில் கீழ் வீட்டு கான்கிரீட் ராத்திரி வரைக்கும் அனல் அடிக்கும், மேலே ஃபேன் போதும்.

கடையில் எதைக் காட்டினாலும் "இது ஈகோ ஃப்ரெண்ட்லி அண்ணாச்சி" என்பார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தெர்மோகோல் மலிவு, ஆனால் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். பஃப் அதைவிட நன்றாக வெப்பத்தைத் தடுக்கும். தீப்பிடித்தால் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். அதனால் கூரைக்கு மட்டும் பஃப், அடுப்பு இருக்கும் பக்கத்துச் சுவருக்கு எளிதில் தீப்பிடிக்காத ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த நார்) என்று பிரித்துக்கொண்டோம். பஃப் நுரை எந்த வாயுவால் ஊதியது என்பதையும் விசாரியுங்கள். ஓசோனைக் கெடுக்கும் எச்சிஎஃப்சி-141பி-யை இறக்குமதி செய்ய 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தடை. அதற்கு மாற்றாக சைக்ளோபென்டேன் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஆனி, ஆடி வந்தால் ஆரியங்காவு கணவாய்ப் பக்கமிருந்து காற்று சாரலைக் குறுக்கே அள்ளிக்கொண்டு வரும், மேலிருந்து விழும் மழையைவிட அதுதான் பேனலுக்கு எமன். மாட்டிய ஆட்கள் ராக்வூல் சுவரின் அடி ஓரத்தை மூடாமல் விட்டுப்போனார்கள். தண்ணீர் ஏறி, நனைந்த இடம் வெப்பத்தைத் தடுப்பதை நிறுத்திவிட்டது. அந்தப் பலகையைக் கழற்றி மாற்றி, ஓரமெல்லாம் தகடு மடித்து சிலிக்கான் பசை வைத்த பிறகு பிரச்சினை இல்லை. பஃப் பேனலிலும் வெட்டிய முனையைத் திறந்துவிட்டால் எறும்பு புகுந்து நுரையைக் குடைந்துவிடும்.

அப்புறம், பேனல் அறையில் காற்று தானாகப் புகாது. எதிரெதிர் ஜன்னல் வைக்காவிட்டால் மழைக்காலத்தில் துணி முடைநாற்றம் அடிக்கும். பேனலுக்கு இவ்வளவு பார்த்துவிட்டு உள்ளே மலிவான எம்.டி.எஃப். (மரநாரைப் பசை போட்டு அழுத்திய பலகை) அலமாரி வைத்தால் அதன் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற கெட்ட வாயு கசியும், அது குறைவாகக் கசியும் ஈ-0 தரம் கேட்டு வாங்குங்கள், விலை கூடுதல்தான்.

மழைச் சத்தம் வெறும் தகரக் கூரை அளவுக்கு இல்லை. ஆனாலும் கொட்டுகிற நேரத்தில் போன் பேச நான் கீழே இறங்கித்தான் வருகிறேன்.